கோழிக் கொட்டகையில் ஒரு டீச்சர்!

உங்களுக்கு ரொம்பப் பிடித்த டீச்சர் யார்? கண்ணை மூடி, ஒரு நிமிடம் அவரை நினைத்துப் பாருங்கள்.

நினைத்தாச்சா? இப்போது இன்னொரு காட்சி. ரொம்ப வருடம் கழித்து, நீங்கள் பெரிய ஆளாகி, அந்த டீச்சரைத் தேடிப் போகிறீர்கள். அவருக்கு வயதாகி விட்டது. அவர் குடியிருப்பது வீட்டில் இல்லை. கோழி அடைக்கிற கொட்டகையில்!

'சேச்சே... அப்படியெல்லாம் நடக்குமா?' என்கிறீர்களா? நிஜமாகவே நடந்தது. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், 1940களில் நடந்தது. அந்தக் கொட்டகைக் கதவைத் தட்டியவரும் ஒரு டீச்சர்தான். அவர் பெயர், எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ்.

யார் இந்த ஆண்ட்ரஸ்?

ஆண்ட்ரஸ் 1884ல் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தவர். படித்து ஆசிரியை ஆனார். 1916ல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆனார். கலிபோர்னியா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான். ஏழைப் பிள்ளைகளும், பல நாடுகளில் இருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் படித்த பள்ளி அது. அங்கே, 28 ஆண்டுகள் பணிபுரிந்தார்.

அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அம்மாவைக் கவனித்துக்கொள்ள, 1944ல் வேலையை விட்டார். அம்மா தேறிவிட்டார். ஆனால், ஆண்ட்ரஸ் சும்மா உட்காரவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சங்கத்தில் சேர்ந்து, 'வயதான ஆசிரியர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நான் போய்ப் பார்த்து வருகிறேன்' என்று ஒரு பொறுப்பை எடுத்துக்கொண்டார். சம்பளம் கிடையாது. அவராகவே விரும்பிச் செய்த வேலை. இப்படிச் செய்பவரைத்தான், 'தன்னார்வலர்' என்கிறோம்.

அப்படி ஒரு நாள், வயதான ஓர் ஆசிரியையைப் பார்க்கப் போனார். முகவரியில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் முதலில் பிடிபடவில்லை. பிறகுதான், பின்பக்கம் இருந்த கொட்டகையைக் காட்டினார்கள். அங்கே போய்ப் பார்த்தால்... ஒரு காலத்தில் ஸ்பானிஷ் மொழிப் பாடம் சொல்லிக் கொடுத்து, நல்ல பெயர் எடுத்த டீச்சர்! கைக்கு வந்த ஓய்வூதியத்தில் வீட்டு வாடகை கொடுக்க முடியவில்லை. அதனால், அந்தக் கொட்டகையிலேயே இருந்தார்.

ஆண்ட்ரசுக்கு எப்படி இருந்திருக்கும்? பணம் கொடுத்து உதவிவிட்டு, 'பாவம்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் வேறு மாதிரி யோசித்தார். 'இந்த ஒரு டீச்சர் மட்டும்தான் இப்படியா? இன்னும் எத்தனை பேர் எந்தெந்தக் கொட்டகையில் இருக்கிறார்களோ? வாழ்நாள் முழுக்கப் பாடம் சொல்லிக் கொடுத்தவருக்கு, கடைசியில் ஏன் இந்த நிலை? இதைப் போய் யாரிடம் கேட்பது?'

கேட்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை.

40க்கும் மேற்பட்ட, 'முடியாது!'

ஓய்வு பெற்ற ஆசிரியர்களை ஒன்று சேர்த்து, 1947ல் தேசிய அளவில் ஒரு சங்கம் தொடங்கினார் ஆண்ட்ரஸ். அவர்களுக்குப் பெரிய கஷ்டம், மருத்துவச் செலவு. அந்தக் காலத்தில், அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைப்பது குதிரைக்கொம்பு.

காப்பீடு என்றால் என்ன? நிறையப் பேர் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சம் பணம் கட்டுவார்கள். யாருக்கு உடம்பு சரியில்லாமல் போகிறதோ, அவருடைய மருத்துவமனைச் செலவை அந்தப் பணத்தில் இருந்து கொடுப்பார்கள். 'வயதானவர்களுக்கு அடிக்கடி நோய் வரும். நமக்கு நஷ்டமாகும்' என்று காப்பீட்டு நிறுவனங்கள் பயந்தன.

ஆண்ட்ரஸ் ஒவ்வொரு நிறுவனமாக ஏறி இறங்கினார். 40க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், 'முடியாது' என்று சொல்லிவிட்டன. அடேங்கப்பா! நம்மிடம் இரண்டு பேர், 'முடியாது' என்று சொன்னாலே, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து விடுவோம், இல்லையா?

கடைசியில், 1950களின் நடுவில், லியோனார்ட் டேவிஸ் என்ற காப்பீட்டு முகவர் வழி கண்டுபிடித்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்குக் காப்பீடு கிடைத்தது. 1954ல், கலிபோர்னியாவின் ஓஹாய் என்ற ஊரில், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் தங்குவதற்கு ஓர் இல்லமும் திறந்தார் ஆண்ட்ரஸ். நல்ல அறைகள், தோட்டம் என்று கௌரவமாக வாழ ஓர் இடம்.

'நாங்கள் ஆசிரியர்கள் இல்லை. ஆனால், எங்களுக்கும் வயதாகி விட்டதே... எங்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள்' என்று மற்றவர்களும் கேட்டார்கள். அவர்களுக்காக, 1958ல் இன்னொரு சங்கம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 74 நடந்துகொண்டிருந்தது! இன்று, அந்தச் சங்கத்தில் கோடிக்கணக்கான உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

அரசும் பிறகு விழித்துக்கொண்டது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசே மருத்துவக் காப்பீடு கொடுக்கும், 'மெடிகேர்' என்ற சட்டத்தில், 1965 ஜூலை 30ல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். அதைப் பார்த்துவிட்டு, 1967ல் காலமானார் ஆண்ட்ரஸ்.

கொட்டகை போய் இல்லம் வந்தது... அப்புறம்?

வீடு கிடைத்தது, மருந்துக்கு வழி பிறந்தது. அதோடு கஷ்டம் தீர்ந்ததா? இல்லை குட்டீஸ்.

அமெரிக்காவில், தனியாக இருக்க முடியாத வயதானவர்கள் பலர், 'நர்சிங் ஹோம்' என்ற இடத்தில் தங்குகிறார்கள். நம்மூரில், 'நர்சிங் ஹோம்' என்றால் சின்ன மருத்துவமனை. அங்கே அப்படி இல்லை. வயதானவர்களும், நீண்ட நாள் நோயாளிகளும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கும் பராமரிப்பு இல்லம் அது.

குளிப்பாட்டுவது, சாப்பாடு கொடுப்பது, மருந்து கொடுப்பது எல்லாவற்றையும் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள். நல்ல இல்லங்களும் இருந்தன. மோசமான இல்லங்களும் இருந்தன. சில இடங்களில், 'எழுந்து நடந்தால் விழுந்து விடுவார்' என்று சொல்லி, நாற்காலியோடு சேர்த்துப் பெரியவர்களைக் கட்டிப் போட்டார்கள். யாருக்கு எழுதிய கடிதத்தையோ யாரோ பிரித்தார்கள்.

'ஏன் புகார் செய்யவில்லை?' என்று கேட்கிறீர்களா?

நீங்களே யோசித்துப் பாருங்கள். படுக்கையில் இருந்து எழுந்திருக்கவே ஒருவருடைய உதவி வேண்டும். அந்த ஒருவரைப் பற்றியே எப்படிப் புகார் சொல்வது? 'நாளைக்கு இன்னும் கோபமாக நடந்துகொண்டால் என்ன செய்வது' என்ற பயம் வராதா? பள்ளியில் உங்களை யாராவது மிரட்டும்போது, வீட்டில் சொல்லவே தயங்குவீர்களே... அதே பயம்தான். வயதானால் பயம் போய்விடும் என்று நினைக்காதீர்கள்.

வாயில் நுழையாத பெயர். மனசில் நுழையும் வேலை!

இதற்கு என்ன வழி? 1972ல், அமெரிக்க அரசு சில மாநிலங்களில் ஒரு புதிய திட்டத்தைச் சோதித்துப் பார்த்தது. வெளியில் இருந்து ஒருவர் இல்லத்துக்கு வருவார். அவர் இல்லத்தின் ஊழியர் இல்லை, முதலாளியும் இல்லை. முழுக்க முழுக்க, அங்கே தங்கியிருப்பவர் பக்கம் நிற்பவர். அவருக்கு, 'ஆம்புட்ஸ்மன்' என்று பெயர்.

ஆம்புட்ஸ்மன் என்பது சுவீடன் நாட்டுச் சொல். அதிகாரிகளைப் பற்றி மக்கள் சொல்லும் குறைகளைக் கேட்டு விசாரிக்க, 1809லேயே அப்படி ஒரு பதவியை உருவாக்கிய நாடு சுவீடன். தமிழில் நாம், 'பரிந்து பேசுபவர்' என்று வைத்துக்கொள்வோமே!

திட்டம் நன்றாக வேலை செய்தது. 1978ல், எல்லா மாநிலங்களிலும் இது கட்டாயம் என்று சட்டம் வந்தது. சம்பளம் வாங்கும் அலுவலர்கள் சிலர்தான். அவர்களோடு சேர்ந்து, நிறையத் தன்னார்வலர்களும் இல்லம் இல்லமாகப் போனார்கள்; இன்றும் போகிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், நர்ஸ், அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், வீட்டில் இருப்பவர் என்று எல்லாரும் உண்டு. முதலில், பயிற்சி எடுக்க வேண்டும். பிறகு, அடையாள அட்டை. முன்கூட்டியே சொல்லாமல், திடீரென்றும் போகலாம்!

உதாரணத்துக்கு, ஒரு பாட்டியை வைத்துக்கொள்வோம். தினமும் விடியற்காலை 5:00 மணிக்கே அவரை எழுப்பிக் குளிப்பாட்டி விடுகிறார்கள். குளிரில் நடுங்குகிறார். தன்னார்வலர் வந்து, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுகிறார். பேச்சோடு பேச்சாக, இந்த விஷயம் வெளியே வருகிறது.

'நான் இதைப் பற்றி இல்லத்தில் பேசட்டுமா?'

'ஐயையோ... வேண்டாம்!' என்கிறார் பாட்டி.

தன்னார்வலர் என்ன செய்வார்? பேச மாட்டார். ஆமாம் குட்டீஸ்... பாட்டி, 'சரி' என்று சொல்லாமல், பாட்டி சொன்னதை வெளியே சொல்லக்கூடாது. அதுதான் அவர்களுடைய முதல் விதி. 'உங்கள் நல்லதுக்குத்தானே' என்று சொல்லிக்கொண்டு, தானாக முடிவெடுக்கக் கூடாது.

ஆனால், அடுத்த வாரம் மறுபடியும் வருவார். அதற்கு அடுத்த வாரமும் வருவார். 'பயப்படாதீர்கள், குறை சொன்னதற்காக உங்களை யாரும் பழிவாங்கக் கூடாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது' என்று விளக்குவார். ஒரு நாள் பாட்டி, 'சரி, கேட்டுத்தான் பாரேன்' என்பார். அப்போது, பாட்டியோடு சேர்ந்து போய்ப் பேசுவார். குளிக்கும் நேரம், 8:00 மணி ஆகும்!

'பூ... இவ்வளவுதானா?' என்று தோன்றுகிறதா? தினமும் 5:00 மணிக்குக் குளிரில் நடுங்குகிறவருக்கு, அது எவ்வளவு பெரிய விஷயம்!

ஒரே ஒரு கேள்வி

1980களில், பராமரிப்பு இல்லங்களைச் சீர்திருத்தப் போராடிய ஓர் அமைப்பு, அருமையான ஒரு வேலையைச் செய்தது. 'நல்ல கவனிப்பு என்றால் என்ன?' என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. டாக்டரிடம் கேட்கவில்லை, அதிகாரியிடம் கேட்கவில்லை. 15 நகரங்களில், இல்லங்களில் தங்கியிருந்த 400க்கும் மேற்பட்ட பெரியவர்களிடமே போய்க் கேட்டது!

அவர்கள் கேட்டது பளபளக்கும் கட்டடத்தையா? இல்லை. 'எங்களிடம் அன்பாக, மரியாதையாக நடந்துகொள்ளும் ஊழியர்கள் வேண்டும்' என்பதைத்தான் முக்கியமாகச் சொன்னார்கள். சாப்பாட்டிலும் அன்றாட விஷயங்களிலும், தங்கள் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்றார்கள். இது, 1985ல் அறிக்கையாக வெளிவந்தது.

இரண்டே ஆண்டில், 1987ல், புதிய சட்டம் வந்தது. காரணமில்லாமல் கட்டிப் போடக்கூடாது. வந்த கடிதத்தைப் பிரிக்கக் கூடாது. பார்க்க வருபவரைச் சந்திக்க விட வேண்டும். குறை சொன்னால் பழிவாங்கக் கூடாது... இவையெல்லாம் தங்கியிருப்பவரின் உரிமைகள் என்று எழுதி வைத்தார்கள். நாற்காலியில் கட்டிப் போடும் வழக்கம், அதன்பின் வெகுவாகக் குறைந்து போனது.

கதவு மூடிய காலம்

2020 மார்ச் மாதம், கொரோனா பரவியபோது, பராமரிப்பு இல்லங்களுக்குள் வெளியாட்கள் வரக்கூடாது என்று அமெரிக்க அரசு உத்தரவு போட்டது. பரிந்து பேசும் தன்னார்வலர்களும் வாசலோடு நின்றுவிட்டார்கள். பேரன், பேத்திகள் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே இருந்த தாத்தா, பாட்டிக்குக் கையசைத்தார்கள். நோய்த் தொற்றில் உயிரிழந்த பெரியவர்கள் ஏராளம். உயிர் பிழைத்தவர்களையும் தனிமை வாட்டியது.

தன்னார்வலர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார்கள். ஆனால், காது சரியாகக் கேட்காதவரிடம் போனில் என்ன பேச முடியும்? பக்கத்து அறைக்காரர் இருக்கும்போது, குறையை எப்படிச் சொல்வது? ஒருவர் நேரில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது எவ்வளவு பெரிய உதவி என்பது அப்போதுதான் பலருக்கும் புரிந்தது. கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்து, 2021 நவம்பரில்தான் பழையபடி எல்லாரும் போய்ப் பார்க்க முடிந்தது.

நம் நாட்டில்?

நம் நாட்டிலும், பெரியவர்கள் பக்கம் நிற்க வழிகள் இருக்கின்றன. வயதான பெற்றோரைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்று சொல்லும் சட்டம், 2007ல் வந்தது. கவனிக்காமல் விட்டால், பெற்றோர் அதற்கான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். வக்கீல் வைக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

குழந்தைகளுக்கு ஆபத்து என்றால், 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம் என்று உங்களுக்குத் தெரியும். அதேபோல், பெரியவர்களுக்கும் ஓர் எண் இருக்கிறது... 14567. கட்டணம் கிடையாது. காலை 8:00 மணி முதல் இரவு 8:00 மணி வரை பேசலாம். 2021 அக்டோபர் 1ல், நாடு முழுவதற்கும் இது தொடங்கி வைக்கப்பட்டது. ஓய்வூதியம் பற்றிய சந்தேகம், சட்ட ஆலோசனை, வீட்டில் கொடுமை, தனிமை... எதற்காகவும் பேசலாம்.

அக்டோபர் 1ஐ ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? அன்று, உலக முதியோர் தினம். ஐ.நா., சபை, 1990ல் அறிவித்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

'நாங்கள் சின்னப் பிள்ளைகள்; எங்களால் என்ன முடியும்?' என்கிறீர்களா? நிறைய முடியும். தாத்தா, பாட்டி உங்களோடு இருந்தாலும் சரி. பக்கத்து வீட்டில், தெருவில் இருந்தாலும் சரி... இப்படிச் செய்து பாருங்கள்.

* முதலில் கேளுங்கள். 'பாட்டி, உங்களுக்கு என்ன செய்யட்டும்?' என்று கேளுங்கள். நீங்களாக முடிவெடுத்து, ரோட்டைக் கடக்கவே நினைக்காத தாத்தாவைக் கையைப் பிடித்து இழுத்துப் போகாதீர்கள்!

* அவரே பேசட்டும். மருத்துவமனையில் டாக்டர், 'எங்கே வலிக்கிறது?' என்று பாட்டியிடம்தான் கேட்பார். ஆனால், வீட்டில் உள்ள எல்லாரும் பதில் சொல்வோம். அடுத்த முறை, 'பாட்டி நீங்க சொல்லுங்க' என்று சொல்லிப் பாருங்கள். பாட்டி மெதுவாகத்தான் சொல்வார், காத்திருங்கள்.

* கண்ணாக இருங்கள். வங்கியில் இருந்து வந்த கடிதம், மருந்துச் சீட்டு, மின் கட்டண விவரம் இவற்றை, அவர் கேட்டால் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். படித்ததை ஊரெல்லாம் சொல்லக்கூடாது. ரகசியம் காப்பதும் உதவிதான்.

* போன் விஷயத்தில் உஷார். 'வங்கியில் இருந்து பேசுகிறோம்' என்று சொல்லி, ஓ.டி.பி., எண்ணைக் கேட்டு ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். 'யாருக்கும் சொல்லாதீங்க தாத்தா' என்று எடுத்துச் சொல்லுங்கள்.

* அழுதால், பயந்தால் கவனியுங்கள். ஒரு பெரியவரை யாராவது அடித்தாலோ, பட்டினி போட்டாலோ, நீங்களாகச் சண்டைக்குப் போக வேண்டாம். நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரிடமோ, ஆசிரியரிடமோ உடனே சொல்லுங்கள். 14567 என்ற எண்ணை, பெரிய எழுத்தில் எழுதி, பாட்டி கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.

* மறுபடியும் போங்கள். இதுதான் ரொம்ப முக்கியம். ஒரு நாள் மட்டும் முதியோர் இல்லத்துக்குப் போய், பழமும் பிஸ்கட்டும் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டால், மறுநாள் அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 'அடுத்த ஞாயிறு வர்றேன்' என்று சொன்னால், கட்டாயம் போக வேண்டும்.

அந்தக் கொட்டகை டீச்சரைப் பற்றி, பின்பக்கம் போய்ப் பார்க்கும்வரை ஆண்ட்ரசுக்குத் தெரியாது. அவரும் பாதி வழியில் திரும்பியிருந்தால், அந்தக் கதவு தட்டப்படாமலே போயிருக்கும்.

உங்கள் தெருவிலும், யாரும் தட்டாத ஒரு கதவு இருக்கலாம். இந்த வாரம், அம்மா, அப்பாவிடம் சொல்லிவிட்டு, அந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள். உள்ளே இருப்பவரிடம் என்ன பேசுவது என்று கவலைப்பட வேண்டாம். 'நல்லா இருக்கீங்களா தாத்தா?' என்று கேட்டால் போதும். மீதியை அவர் பேசுவார், நீங்கள் கேளுங்கள்.

போவீங்கதானே குட்டீஸ்?